மட்டைப் பையோடு தனியே ரயிலேறிய மகன்

1993ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி. வெயில் இன்னும் இறங்கவில்லை. எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். ஒரு ஜேர்மன் பெடியன் பேசினான். தன் பெயர் யென்ஸ் என்றும், டிரெஸ்டனில் என் மகன் றெஜியோடு ஒரே பேஸ்போல் அணியில் விளையாடுவதாகவும் சொன்னான். பிறகு கேட்டான்.

"றெஜி உங்களுக்குப் போன் எடுத்தவனோ?"

"இல்லையே. ஏன் தம்பி?"

"ஐந்து மணிக்கே அவன் விடுதிக்கு வந்திருக்க வேணும். இன்னும் வரேல்லை. இண்டைக்கு வெளியூரிலை எங்களுக்கு ஆட்டம். திரும்பி வரேக்கை எங்கட காரிலை ஏறேல்லை. தனிய ரயிலிலை வாறன் எண்டு போட்டான். மட்டைப் பையும் அவனிட்டைத்தான் இருக்கு."

ஆண்டவருக்குள் அன்பான சகோதரங்களே, அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டதும் தொலைபேசியைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அது ஏன் என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால்தான் விளங்கும்.

அந்த வருடங்களில் வெளிநாட்டவர் குடியிருந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். தொலைக்காட்சியைப் போட்டால் மொட்டைத் தலைகளும் தடித்த சப்பாத்துகளும்தான். அவர்களுடைய கைகளில் பேஸ்போல் மட்டை இருக்கும். அந்த விளையாட்டை விளையாடியவர்கள் இந்த நாட்டில் கொஞ்சப் பேர். மட்டையை வாங்கியவர்கள் அதைவிட அதிகம். எனக்குப் பேஸ்போல் மட்டை என்றால் எலும்பு முறிக்கிற சாமான். அதைத்தான் என் பிள்ளை தோளில் போட்டுக்கொண்டு, கறுத்த முகத்தோடு, தன்னந்தனியாகக் கிழக்கு ஜேர்மனிப் பக்கத்து ரயிலில் ஏறியிருக்கிறான்.

என் பெயர் பிலோமினா. மன்னாரில் பிறந்தவள். 1985இல் நானும் கணவர் அருளப்புவும் எங்கள் ஒரே மகனோடு அகதிகளாக ஜேர்மனிக்கு வந்தோம். மேற்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில் எங்களை இருத்தினார்கள். நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தேன். இவர் போத்தல் தொழிற்சாலையில் மாறி மாறி ஷிஃப்டுக்குப் போய்வந்தார். ஊருக்கு வெளியே அமெரிக்கப் படைமுகாம் ஒன்று இருந்தது. அங்கேயிருந்த பிள்ளைகளோடு சேர்ந்துதான் றெஜி பேஸ்போல் பழகினான். இவருக்கு அதில் சந்தோசம். "உது எங்கட எல்லே மட்டைப்பந்து மாதிரித்தானப்பா. நாங்கள் பள்ளிக்கூடத்திலை விளையாடினதுதான்" என்பார். நான் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

றெஜி அபித்தூர் என்கிற பள்ளி இறுதிப் பரீட்சையை நன்றாகச் செய்தான். டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. ரயிலில் ஏழு மணித்தியாலப் பயணம். வேண்டாம் என்று அழுதேன். அவன் 1992 ஒக்டோபரில் போனான். போய் இரண்டாவது கிழமையே அங்கேயிருந்த மாணவர் அணியில் சேர்ந்துவிட்டான்.

ஒவ்வொரு ஞாயிறு மாலையும் விடுதிக்குக் கீழே இருந்த அட்டைத் தொலைபேசியில் இருந்து கதைப்பான். முதலாம் வருடப் பெடியன் என்பதால் ஆட விடாமல் வாங்கில்தான் இருத்துகிறார்கள் என்பான். எங்கள் ஊரில் அவன் கெட்டிக்காரன். அங்கே எல்லோரும் அவனைவிட நான்கைந்து வயது மூத்தவர்கள், தோள் அகன்றவர்கள். தண்ணீர்ப் போத்தல்களையும் மட்டைப் பையையும் தூக்குவது புதிதாக வந்தவனின் வேலையாம். பனிக்காலம் முழுவதும் ஒரு பழைய மண்டபத்துக்குள் பயிற்சி. முழங்கை வீங்கியது. கணக்குப் பரீட்சை ஒன்று பிழைத்தது. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஓம் என்பான். அந்த ஓமிலேயே அவன் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

ஏப்ரல் மாதத்தில் நான் ஒரு வேலை செய்தேன். அதை மறைக்காமல் சொல்கிறேன். இவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அந்த அணியின் பயிற்சியாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில், "தயவு செய்து என்ரை மகனை விளையாட விடாதேங்கோ. எனக்குப் பயமாய் இருக்கு" என்று கெஞ்சினேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் கதை அணிக்குள் பரவிவிட்டது.

அடுத்து வந்த ஞாயிறு மாலை றெஜி தொலைபேசியில் பொரிந்து தள்ளினான்.

"நீங்கள் என்ன வேலை செய்தனீங்கள் அம்மா? எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்கள். எனக்கு இருவது வயசு."

"ராசா, நான் உன்ரை நன்மைக்கு..."

"வேண்டாம். அப்பாட்டைக் குடுங்கோ."

அதற்குப் பிறகு ஏழு கிழமை அவன் என்னோடு கதைக்கவில்லை. தொலைபேசியை நான் எடுத்தால், "அப்பா நிக்கிறாரோ?" என்று மட்டும் கேட்பான்.

மனுசரிடம் சொல்லிப் பலனில்லை என்று நான் ஆண்டவரிடம் போனேன். என்ன கேட்டேன் தெரியுமா? அவனுக்கு விளையாட்டு வரக்கூடாது என்று கேட்டேன். எல்லோருக்கும் முன்னால் அவன் தோற்கவேண்டும், வெறுத்துப்போய் இதை விடவேண்டும் என்று கேட்டேன். ஒரு தாய் இப்படிச் செபிப்பாளா? நான் செபித்தேன். ஏழு கிழமையும் செபமாலை சொல்லி அதைத்தான் ஒப்புக்கொடுத்தேன். அந்த ஞாயிறு காலைப் பூசையிலும் நற்கருணை வாங்கிவந்து முழந்தாளில் நின்று அதையே கேட்டேன்.

இப்போது யென்ஸ் தொலைபேசியில் சொன்னதைக் கேளுங்கள். அன்றைக்குத்தான் றெஜியை முதன்முறையாக ஆட விட்டார்களாம். கடைசிக் கட்டம். இலேசான பந்து ஒன்று உயர எழும்பி நேரே அவனிடம் வந்திருக்கிறது. பிடித்திருந்தால் வெற்றி. கைக்குள் வந்த பந்து நழுவி விழுந்துவிட்டது. அணி தோற்றது. யாரும் ஏசவில்லையாம். ஆனால் அவன் ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்துவிட்டான்.

நான் கேட்டபடியே நடந்திருக்கிறது. எழுத்துக்கு எழுத்து அப்படியே.

இவர் வேலை முடிந்து கதவைத் திறந்தபோது நான் இன்னும் நிலத்தில்தான் இருந்தேன்.

"என்னப்பா? என்ன நடந்தது?"

"பிள்ளையைக் காணேல்லையாம்."

இவர் சப்பாத்தும் கழற்றாமல் டிரெஸ்டன் பொலிசுக்கு எடுத்தார். பெயர், வயது, உடுப்பு, புறப்பட்ட ஊர் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார்கள். வழியில் உள்ள நிலையங்களில் விசாரிப்பதாகச் சொன்னார்கள். யென்ஸ் பெரிய ரயில் நிலையத்துக்குப் போய் நிற்கிறேன் என்றான். அதற்குமேல் எங்களால் செய்ய ஏலுமான ஒன்றும் இருக்கவில்லை. இவர் யன்னலருகே நின்றார். தொலைபேசியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ செபமாலையைச் சொல்லு. நான் போனுக்குப் பக்கத்திலை நிக்கிறன்" என்றார்.

அறைக்குள் மாதாவின் படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டேன். வாய் திறக்கவில்லை. சிறுவயது முதல் சொல்லிவந்த மந்திரங்கள் ஒன்றும் வரவில்லை. எந்த வாயால் கேட்பது? காலையில் அவன் விழவேண்டும் என்று கேட்ட அதே வாய். ஆறரை மணி. ஆறே முக்கால். கீழே தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிற சத்தம் கேட்டது. எனக்கு மனதில் வந்ததெல்லாம் ஒரு ரயில் மேடையும் இரத்தமும்தான்.

கடைசியில் அழுகையோடு ஒரு வார்த்தை வந்தது. "ஆண்டவரே, அவன் பக்கத்தில் நில்லும்." அவ்வளவுதான். அவனைத் திருப்பி அனுப்பும் என்று கேட்கவில்லை. விளையாட்டை நிறுத்தும் என்று கேட்கவில்லை. அவன் தனியாக நிற்கிறான், பக்கத்தில் நில்லும். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். எத்தனை தரம் என்று தெரியாது.

ஏழு நாற்பதுக்குத் தொலைபேசி அடித்தது. இவர் எடுத்தார். தோள் குலுங்கியது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு கையை நீட்டித் தொலைபேசியை என்னிடம் தந்தார்.

"அம்மா."

ஏழு கிழமைக்குப் பிறகு அந்தச் சொல்.

"அம்மா, அழாதேங்கோ. எனக்கு ஒண்டும் இல்லை. டிரெஸ்டனுக்கு வந்திட்டன். ஒரு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறா. உங்களோட கதைக்க வேணுமாம்."

ஒரு வயதுபோன ஜேர்மன் பெண்ணின் கரகரத்த குரல் கேட்டது. "உங்கட மகன் முழுசா இருக்கிறான். என்ரை வீட்டிலை இரண்டு துண்டு கேக் சாப்பிட்டவன். இனி நீங்கள் நித்திரை கொள்ளலாம்" என்றது.

நடந்ததை அவன் பிறகு எங்களுக்கு முழுவதுமாகச் சொன்னான். அவன் ஏறிய ரயிலில் இரண்டாவது நிலையத்தில் ஐந்து பேர் ஏறினார்கள். மொட்டைத் தலை. குடித்திருந்தார்கள். ஒருவன் அவனுக்கு எதிரே வந்து இருந்தான்.

"உந்தப் பையுக்குள்ளை என்ன?"

"விளையாட்டுச் சாமான்."

எதிரே இருந்தவன் பையைக் காலால் தட்டிப் பார்த்தான். கட்டைச் சத்தம் கேட்டது. "ஆ, உதோ? உதாலை நாங்களும் விளையாடுறனாங்கள்" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். பெட்டியில் இருந்த சிலர் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார்கள்.

அடுத்த நிலையத்தில் கதவு மூடப்போகிற நேரம் பார்த்து றெஜி குதித்து இறங்கினான். ஐவரும் கதவைத் தள்ளித் திறந்து பின்னாலேயே இறங்கிவிட்டார்கள். ரயில் போய்விட்டது. அப்போது நேரம் நாலு பத்து. அது ஆளில்லாத சின்ன நிலையம். ஒரு பழைய செங்கல் கட்டடம், சுற்றிவர வயல். அவன் சுவரோடு ஒதுங்கினான். அவர்கள் அரைவட்டமாக நின்றார்கள். அவன் கை பையின் ஸிப்பில் இருந்தது. பாதிவரை இழுத்துவிட்டானாம்.

"அம்மா, நான் எடுத்திருந்தால் அடிச்சிருப்பன். எனக்கு அப்ப வேறை யோசினை இல்லை. முன்னுக்கு நிண்டவன்ரை தலையைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனான்" என்றான்.

அவனுக்கு அடி விழும் என்று மட்டும்தான் நான் பயந்திருந்தேன். அவன் கையால் ஒரு உயிர் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த நேரம் கட்டடத்தின் பக்கக் கதவு திறந்தது. அறுபது வயது தாண்டிய பெண் ஒருவர், ஏப்ரன் கட்டியபடி, கையில் கோழித்தீன் வாளியோடு வெளியே வந்தார். பெயர் திருமதி லின்ட்னர். முன்பு ரயில் கடவையில் வேலை செய்தவர். கணவர் இறந்தபின் அந்த நிலையக் கட்டடத்திலேயே தனியாகக் குடியிருந்தார். ஒரு பார்வை பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். நேரே நடந்துவந்து ஐந்து பேரையும் விலக்கிக்கொண்டு என் மகனுக்குப் பக்கத்தில் நின்றார்.

"இப்பதான் வாறியோ? எவ்வளவு நேரமாப் பார்த்துக்கொண்டிருக்கிறன்! கேக்கும் வெட்டி வைச்சிருக்கிறன். வா உள்ளுக்கை" என்று அவனை ஏசினார். அவர் அவனை முன்பின் கண்டதில்லை.

பிறகு திரும்பினார். "ரொனி! நீ இஞ்சை நிக்கிறது கொம்மாவுக்குத் தெரியுமோ?"

முன்னால் நின்றவன் பக்கத்து ஊர்க்காரன். ஒரு கணம் தலையைக் குனிந்தான். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. திருமதி லின்ட்னர் றெஜியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைப் பூட்டிவிட்டார். பை வெளியே விழுந்துவிட்டது. அவர்கள் மட்டைகளை எடுத்து யன்னலை உடைத்தார்கள். பூச்சாடிகளை உடைத்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் வெளியே நின்று கத்தினார்கள். அந்த வீட்டில் தொலைபேசி இல்லை. கிழக்குப் பக்கத்தில் அப்போது பல வீடுகளில் இல்லை. ஒருவருக்கும் சொல்ல வழியில்லை. அவர் மேசையைக் கதவோடு தள்ளி வைத்துவிட்டுக் கோப்பி ஊற்றினார். "சாப்பிடு. கை நடுங்குது, இனிப்புச் சாப்பிட வேணும்" என்றாராம்.

ஆறு மணி போல அவர்கள் அலுத்துப்போய்க் கலைந்து போனார்கள். அதற்குப் பிறகு வந்த ரயிலில் அவனைத் தனியாக ஏற்ற அவருக்கு மனமில்லை. வீட்டுச் செருப்போடு, ஏப்ரனும் கழற்றாமல், டிரெஸ்டன் வரைக்கும் கூட வந்தார். மேடையில் யென்ஸ் காத்துக்கொண்டு நின்றான். அதன் பிறகுதான் எங்களுக்குத் தொலைபேசி.

சகோதரங்களே, நேரத்தைக் கவனியுங்கள். அந்தக் கதவு திறந்தது நாலு பத்துக்கு. நான் முழந்தாளிட்டது ஆறு மணிக்குப் பிறகு. "அவன் பக்கத்தில் நில்லும்" என்று நான் கதறிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றாயிற்று. நான் இன்னும் கேட்காத செபத்துக்கு ஆண்டவர் பதில் தந்துவிட்டார். நான் ஏழு கிழமையாகக் கேட்டதோ கேட்கக்கூடாத செபம்.

அடுத்த மாதம் தமிழ்ப் பூசைக்கு வந்த சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். என் செபத்தால்தான் அந்தப் பந்து விழுந்ததா என்று கேட்டேன்.

"இல்லை பிள்ளை. பந்து கைதவறி விழுந்தது. பிள்ளையளைத் தடக்கி விழுத்துறது கடவுளின்ரை வேலை இல்லை. ஆனா நீர் உம்மட மகனுக்கு எதிரா முழந்தாளிலை நிண்டது உண்மை. அதை மாத்தும்" என்றார்.

மாற்றினேன். யூலையில் நாங்கள் இருவரும் டிரெஸ்டனுக்குப் போனோம். என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பேஸ்போல் ஆட்டம் பார்த்தேன். சரிவான ஒரு புல்வெளி, நான்கு வாங்கு, ஒரு கம்பிவலை. அந்த வலைக்குப் பின்னால் இருந்தேன். ஒவ்வொரு பந்துக்கும் கண்ணை மூடினேன். யென்ஸ் பக்கத்தில் வந்திருந்து எது அவுட், எது ஓட்டம் என்று பொறுமையாகச் சொல்லித் தந்தான். றெஜி அன்றைக்கு இரண்டு பந்து பிடித்தான், ஒன்றை விட்டான். விட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தான். "பரவாயில்லை ராசா, விளையாடு!" என்று தமிழில் கத்தினேன். அங்கிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சிரித்தான்.

பயிற்சியாளரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். "என்ரை அம்மாவும் பயந்தவதான். ஆனா அவ போன் எடுக்கேல்லை" என்று சொல்லிக் கைகொடுத்தார். அடுத்த வருடம் றெஜி முதல் அணியில் ஆடினான். படிப்பையும் முடித்தான். பொலிசில் முறைப்பாடு கொடுத்திருந்தோம், அது தன் வழியில் போனது. அந்த ரொனி என்ற பெடியனின் பெயரைச் செபமாலையின் கடைசியில் சேர்த்திருக்கிறேன். மனமாரச் சொல்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். சில நாட்களில் அந்தப் பெயர் தொண்டையில் நிற்கும். இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் எழும்புகிறேன்.

ஆட்டம் பார்த்த மறுநாள், மீன் பற்றிஸ் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு திருமதி லின்ட்னரின் வீட்டுக்குப் போனோம். யன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருந்தது. அவர் கைகளைப் பிடித்து, "உங்களை அனுப்பினது கடவுள்" என்று அழுதேன்.

அவர் சங்கடப்பட்டார். "நான் கோழிக்குத் தீன் போட வந்தனான், அம்மா. கோயிலுக்கும் நான் போறதில்லை. எனக்குக் கடவுளைத் தெரியாது" என்றார்.

"அவருக்கு உங்களைத் தெரியும்" என்றேன்.

அவர் என் கைகளை விடவில்லை.

இதை வாசிக்கிற தாய் தகப்பன்மாரே, உங்கள் பிள்ளை தூர ஊரில் இருக்கலாம். உங்களுக்கு விளங்காத ஒன்றில் அவன் மனதை வைத்திருக்கலாம். உங்கள் பயத்தை ஆண்டவரிடம் கொண்டு போங்கள், ஆனால் அதைக் கட்டளையாக எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளையை அவர் கையில் விடுங்கள். நான் விடுவதற்கு முன்னரே அவர் பிடித்திருந்தார். உங்கள் பிள்ளையையும் அவர் பிடித்திருக்கிறார். நம்புங்கள்.